பாவித்த கார்: ஆளைப் பார்ப்பதா, காரைப் பார்ப்பதா?



நமது வானொலிக்கு வரும் அழைப்புகளில், வருமானவரிக் கேள்விகளுக்கு அடுத்தபடியாக என்னிடம் அதிகம் கேட்கப்படுவது ஒரு கேள்விதான். "தம்பி, மகளுக்கு வேலை கிடைச்சிருக்கு. பாவிச்ச கார் ஒண்டு எடுக்கவேணும். எது நல்லது?" நான் மெக்கானிக் இல்லை, கணக்காளன் என்று சொன்னாலும் அவர்கள் விடுவதில்லை. "அதுதான் உங்களைக் கேக்கிறம்" என்பார்கள். அந்தப் பதிலில் ஒரு நியாயம் இருக்கிறது என்பதை நான் உணர்வதற்குப் பல வருடங்கள் எடுத்தன. பாவித்த கார் வாங்குவது இயந்திரம் பற்றிய விடயம் மட்டுமல்ல. யார் எதை அறிந்திருக்கிறார்கள், யார் எதை மறைக்கிறார்கள், எந்தக் காகிதத்தை யார் வாசிக்கிறார்கள் என்பதையும் பற்றியது. அதனால் இந்த மாத உரையில் ஒரு காரின் பெயரைச் சொல்லிவிட்டுப் போகாமல், "நம்பகமான கார்" என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்ற வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

ஊரில் நாம் அறிந்த கார்கள்

எங்களில் ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு யாழ்ப்பாணத்து வாடகைக் கார் நிலையங்கள் நினைவிருக்கும். ஒஸ்ரின் ஏ 40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் ஆகியவை வரிசையில் நிற்கும். மொறிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமானது. அங்கே 1970களின் தொடக்கத்தில் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. எங்கள் ஊரிலோ அதன் ஓட்டம் நிற்கவில்லை. காரணம் பாசம் அல்ல, பொருளாதாரம். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இலங்கை அரசு கார் இறக்குமதியை இறுக்கியது. 1977இல் இறக்குமதி திறந்துவிடப்படும் வரை, இருக்கிற காரை ஓடவைப்பது தவிர வேறு வழி இருக்கவில்லை. கிடைக்காத உதிரிப்பாகத்தைக் கடைச்சல் பட்டறையில் கடைந்து எடுத்தார்கள். ஒரு காரின் இதயம் இன்னொரு காரின் உடம்பில் ஓடியது.

1990 ஆனியில் போர் மீண்டும் தொடங்கியபின் வடக்குக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அப்போது அந்தப் பழைய கார்கள்தான் கைகொடுத்தன. ஒரு சிறு போத்தல் பெற்றோலைக் காபரேற்றருக்குக் கொடுத்து இயந்திரத்தைத் தொடங்கி, அது சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். இதில் மந்திரம் எதுவும் இல்லை. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது, சூடானபின் ஆகும். அந்தப் பழைய இயந்திரங்களில் அமுக்க விகிதம் குறைவு என்பதால் தரம் குறைந்த எரிபொருளையும் அவை ஏற்றுக்கொண்டன. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட அந்த நாட்களில் நான் யாழ். பல்கலைக்கழகத்தில் வர்த்தகம் படித்துக்கொண்டிருந்தேன். வெள்ளைப் புகையும் மண்ணெண்ணெய் நாற்றமும் விட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு நோயாளியை ஏற்றிச் சென்ற கார்களை நான் கண்டிருக்கிறேன்.

ஆகவே நாம் கொண்டுவந்த அகராதியில் நல்ல கார் என்றால், பழுதானால் கையால் திருத்தக்கூடிய கார். அதை விற்பவரும் தெரிந்தவர். அவருடைய பட்டறை எங்கே, அவருடைய மாமனார் யார், கோவில் திருவிழாவில் அவர் எங்கே நிற்பார் என்பதெல்லாம் தெரியும். ஏமாற்றினால் அவரால் அடுத்த நாள் சந்திக்கு வரமுடியாது. ஊரில் ஆளைப் பார்த்துக் கார் வாங்கியது அறியாமை அல்ல. அந்த ஆளின் பெயர்தான் உத்தரவாதப் பத்திரம்.

நான் விட்ட பிழை

1993இன் பிற்பகுதியில் ரொரன்ரோ வந்து சேர்ந்தேன். அடுத்த தை மாதக் குளிரில் பஸ் தரிப்பிடத்தில் நின்று நின்று, ஸ்காபரோவில் இருந்து தொழிற்சாலை வேலைக்குப் போக ஒரு கார் தேவை என்று முடிவு செய்தேன். எங்கள் பக்கத்து ஊர்ப் பெடியன் ஒருவர் கார் எடுத்துக் கொடுப்பார் என்றார்கள். 2,600 டொலர். பத்து வருடம் பழைய, பெரிய கார். மீற்றர் 62,000 கிலோமீற்றர் காட்டியது. பத்து வருடத்துக்கு இவ்வளவுதானா என்று நான் கேட்கவில்லை. "வயசான வெள்ளைக்காரர் வைச்சிருந்தது" என்றார் அவர். அந்தக் கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

இரண்டு விடயங்களை மறைக்காமல் சொல்கிறேன். விற்பனைப் பத்திரத்தில் 800 டொலர் என்று எழுதச் சொன்னார். வரி மிச்சம் என்றார். நானும் எழுதினேன். அடுத்தது, அரசாங்கத் தகவல் கட்டு ஒன்று என் கையில் தரப்பட்டது. வர்த்தகப் பட்டதாரியான நான் அதைப் பிரித்து வாசிக்காமல், காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தேன்.

கார் மூன்று மாதம் ஓடியது. அந்த மூன்று மாதத்துக்குள், நாட்டிலிருந்து புதிதாக வந்த ஒரு குடும்பத்துக்கு அதே பெடியனை நானே சிபார்சு செய்தேன். கணவருக்கு இரவு வேலை. மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. சீட்டுப்பிடித்த காசு 2,800 டொலரைக் கொடுத்து ஒரு கார் வாங்கினார்கள். நான்கு கிழமையில் ட்ரான்ஸ்மிஷன் போய்விட்டது. திருத்தக் கேட்ட தொகை காரின் விலையைவிடச் சற்றுத்தான் குறைவு. பெடியனின் தொலைபேசி இலக்கம் வேலை செய்யவில்லை.

அதற்குப் பின்னர்தான் என் காரை ஒழுங்காகப் பார்த்தேன். கதவுத் தூணில், பாதி கிழிந்த ஒயில் மாற்றிய ஒட்டி ஒன்று இருந்தது. அதில் எழுதியிருந்தது 138,000 கிலோமீற்றர். எனது கார் ஓடியது 62,000 அல்ல, 162,000. யாரும் மீற்றரைத் திருப்பக்கூட இல்லை. அந்தக் காரின் மீற்றரில் ஐந்து இலக்கங்கள்தான் இருந்தன. 99,999க்குப் பிறகு அது பூச்சியத்தில் இருந்து மறுபடி தொடங்கும். விற்றவர் இதை அறிவார். நான் அறியவில்லை. தகவல் கட்டையும் அன்றுதான் வாசித்தேன். எட்டு வருடம் ஒருவர் பெயரில் இருந்த கார், மூன்று கிழமை இன்னொருவர் பெயரில் இருந்துவிட்டு என்னிடம் வந்திருந்தது. பெடியனின் பெயர் அதில் எங்கும் இல்லை. வழக்குப் போடலாமா என்று விசாரித்தபோது, "பத்திரத்தில் நீங்கள் கொடுத்ததாக எழுதியிருப்பது 800 டொலர்தானே" என்று கேட்டார்கள்.

மன்னிப்புக் கேட்க அந்த வீட்டுக்குப் போனேன். அவர் கோபப்படவில்லை. "நீ காரைப் பாக்கேல்லைத் தம்பி, ஆளைத்தான் பாத்தனீ. நானும் உன்னைப் பாத்துத்தான் வாங்கினனான்" என்றார். அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் விடியற்காலை இரண்டு பஸ் மாறி வீடு திரும்பினார்.

பழைய காருக்கு விலை வந்த கதை

என் அனுபவம் புதிதல்ல. பாவித்த கார் சந்தை தோன்றிய நாளிலிருந்து இதே சிக்கல்தான். 1908இல் ஹென்றி போர்ட் 'மொடல் ரி' காரைக் கொண்டுவந்தார். 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் கட்டினார். அந்தக் கார் அதிகம் மாறவில்லை. அதற்குப் போட்டியாக ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் அல்பிரட் சுலோன் தலைமையில் வேறு வழியில் போனது. 1919இலேயே தவணைக் கடன் கொடுக்க ஒரு நிறுவனம் அமைத்தது. 1920களில் வருடாவருடம் தோற்றத்தை மாற்றியது. பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுங்கள் என்றது.

இதனால் டீலர்களின் முற்றத்தில் பழைய கார்கள் குவிந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை வேண்டும். 1926இல் லொஸ் ஏஞ்சலஸ் கார் வியாபாரியான கெலி என்பவர் தாம் எந்தக் காருக்கு என்ன கொடுப்பார் என்று அச்சிட்டு வெளியிட்டார். 'கெலி புளூ புக்' என்ற விலைப்புத்தகம் அதுதான். கணக்காளனாகச் சொல்கிறேன், அது பெரிய மாற்றம். விற்பவரின் தலைக்குள் இருந்த விலை காகிதத்துக்கு வந்தது. ஆனால் அந்தப் புத்தகம் சொன்னது ஒரு வகைக் காரின் விலையைத்தான். உங்கள் முன்னால் நிற்கும் அந்த ஒரு காரின் உள்நிலையைச் சொல்ல அதனால் முடியவில்லை.

அதைச் சொல்லும் ஒரே கருவியாக ஓடோமீற்றரை மக்கள் நம்பினார்கள். அந்தக்காலக் கட்டமைப்பாளர்கள் ஐந்து இலக்கம் போதும் என்று நினைத்ததே, ஒரு கார் ஒரு இலட்சம் மைலைத் தாண்டும் என்று அவர்கள் பெரிதாக எதிர்பார்க்கவில்லை என்பதைக் காட்டுகிறது. கனடா 1977இல் வீதிப் பலகைகளை மைலில் இருந்து கிலோமீற்றருக்கு மாற்றியது. கார் மீற்றர்களும் மாறின. ஐந்து இலக்கத்துடன் கிலோமீற்றருக்கு மாறிய கார்களில், அந்த எண்கள் 62,000 மைலிலேயே பூச்சியத்துக்குத் திரும்பிவிட்டன. என் கார் அந்த இனம். மீற்றரைக் கம்பியாலும் துளைப்பானாலும் பின்னுக்குச் சுற்றும் தொழிலும் வளர்ந்தது. அமெரிக்கா 1972இல் அதைக் கூட்டரசுச் சட்டத்தால் தடை செய்தது. கனடாவிலும் அது குற்றம்.

எலுமிச்சைக் கணக்கு

1970இல் ஜோர்ஜ் அக்கர்லொவ் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். பாவித்த கார்ச் சந்தைதான் அதன் உதாரணம். மோசமான காரை ஆங்கிலப் பேச்சுவழக்கில் 'எலுமிச்சை' என்பார்கள். அதையே தலைப்பிலும் வைத்தார். மூன்று ஆய்விதழ்கள் அதை ஏற்க மறுத்தன. நான்காவது ஏற்றது. 2001இல் அவருக்கு இன்னும் இருவருடன் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

அவர் சொன்னதை ஒரு கணக்காகப் பார்ப்போம். பத்துக் கார்கள் விற்பனைக்கு நிற்கின்றன. ஐந்து நல்லவை, 5,000 டொலர் பெறும். ஐந்து கெட்டவை, 2,000 பெறும். எது எது என்று விற்பவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. நீங்கள் நடுவில் 3,500 கொடுக்கத் தயார். நல்ல கார் வைத்திருப்பவர் என்ன செய்வார்? "5,000 பெறுமதியானதை ஏன் 3,500க்குக் கொடுக்கவேண்டும்" என்று வீட்டில் வைத்துக்கொள்வார். கெட்ட கார் வைத்திருப்பவர் ஓடிவருவார். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது கெட்ட கார்கள் மட்டுமே. யாரும் பொய் சொல்லாவிட்டாலும், தகவல் ஒரு பக்கம் மட்டும் இருந்தாலே சந்தை கெட்டுவிடும்.

இதை வாசித்தபோது எனக்கு எங்கள் சமூகம்தான் நினைவுக்கு வந்தது. ஊரில் அந்தத் தகவல் இடைவெளியை நிரப்பியது ஆளின் பெயர். இடம்பெயர்ந்தபோது பெயரைக் கொண்டுவந்தோம். பெயரைக் காக்கவைத்த சந்தியையும் திருவிழாவையும் கொண்டுவர முடியவில்லை. "எங்கட ஆள்" என்ற சொல்லுக்குப் பின்னால் நின்ற உத்தரவாதம் கடலுக்கு அப்பாலேயே நின்றுவிட்டது. அதைப் புரிந்துகொண்ட சிலர் அந்தச் சொல்லை வைத்தே பிழைத்தார்கள்.

ஜப்பானியக் கார்களுக்குப் பெயர் வந்த விதம்

"கொறோலா எடு, கண்ணை மூடிக்கொண்டு எடு." இதைக் கேட்காத தமிழ் வீடு ரொரன்ரோவில் குறைவு. ஆனால் ஜப்பானியக் கார் பிறக்கும்போதே நல்ல பெயருடன் பிறக்கவில்லை. 1957இல் ரொயோட்டா தன் 'கிரவுண்' காரை அமெரிக்காவுக்கு அனுப்பியபோது அது அங்கிருந்த நெடுஞ்சாலை வேகத்துக்குத் திணறியது. சில ஆண்டுகளில் அதை விலக்கிக்கொண்டார்கள். பிற்காலத்தில் வந்த சிறு ஜப்பானியக் கார்களும் கனடாவின் வீதி உப்பில் விரைவாகத் துருப்பிடித்தன.

மாற்றம் தொழிற்சாலைக்குள் நடந்தது. ரொயோட்டாக் குடும்பத்தின் மூதாதையர் நெசவுத் தறி செய்தவர். நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும் தறி அவருடைய கண்டுபிடிப்பு. பழுதான துணியை நெய்துகொண்டே போவதைவிட நிறுத்துவது மலிவு என்பது அதன் தத்துவம். கார்த் தொழிற்சாலையில் அதுவே ஒரு கயிறாக வந்தது. தவறைக் கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்தால் வரிசை நிற்கும். 1950இல் எட்வேர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜப்பானுக்குச் சென்று தரக்கட்டுப்பாடு பற்றிப் பாடம் நடத்தினார். அவர் பெயரில் ஜப்பான் வழங்கும் பரிசை 1965இல் ரொயோட்டா வென்றது. அடுத்த ஆண்டு, 1966 கார்த்திகையில், முதல் கொறோலா வெளிவந்தது.

1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. பெரிய கார் வைத்திருந்தவர்கள் சிறிய காரைத் தேடினார்கள். எண்ணெய் மிச்சத்துக்காக வாங்கியவர்கள், அது கராஜுக்கும் அதிகம் போகவில்லை என்பதைக் கண்டார்கள். 1986இல் ஹொண்டா ஒன்ராறியோவின் அலிஸ்டனிலும், 1988இல் ரொயோட்டா கேம்பிரிட்ஜிலும் தொழிற்சாலை திறந்தன. கேம்பிரிட்ஜில் 2019 வரை கொறோலா கட்டப்பட்டது. நாங்கள் ஜப்பான் கார் என்று சொல்லி ஓட்டிய பல, 401 நெடுஞ்சாலையில் ஒரு மணித்தியாலத் தூரத்தில் கட்டப்பட்டவை.

ஒரு காரின் பெயருக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பதற்கும் நல்ல சான்று உண்டு. 2002 முதல் கேம்பிரிட்ஜில் ரொயோட்டா 'மேற்றிக்ஸ்' கட்டப்பட்டது. அதன் இரட்டைப்பிள்ளைபோல, பொன்ரியாக் 'வைப்' கார் கலிபோர்னியாவில் இரு நிறுவனங்களின் கூட்டுத் தொழிற்சாலையில் கட்டப்பட்டது. பெரும்பாலும் அதே ரொயோட்டா இயந்திரம். முகப்பும் இலச்சினையும்தான் வேறு. பாவித்த சந்தையில் வைப் குறைந்த விலைக்குக் கிடைத்தது. விடயம் அறிந்தவர்கள் அதை வாங்கினார்கள்.

மறுபக்கமும் உண்டு. 2000ஆம் ஆண்டை ஒட்டி வந்த ஆறு சிலிண்டர் ஹொண்டாக்கள் பலவற்றில் தானியங்கிக் கியர் பழுதாகி, நிறுவனமே உத்தரவாதக் காலத்தை நீட்டவேண்டி வந்தது. பெயர் ஒரு சராசரி. நீங்கள் வாங்குவதோ ஒரு தனிக் கார். சராசரியாக மூன்றடி ஆழமான ஆற்றிலும் ஆள் தாழும்.

காகிதம் வந்த வரலாறு

தகவல் இடைவெளியை மூடச் சிலர் போராடினார்கள். கனடாவில் முக்கியமானவர் பில் எட்மன்ஸ்ரன். 1960களின் இறுதியில் மொன்றியலில் வாகனப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். கார்கள் வேளைக்கே துருப்பிடிப்பதற்கு எதிராக நிறுவனங்களுடன் மோதினார். 'லெமன் எய்ட்' என்ற வழிகாட்டிகளை எழுதினார். 1990இல் கியூபெக்கில் இருந்து நாடாளுமன்றத்துக்கும் தெரிவானார். 2022இல் காலமானார். என் பிழைக்குப் பின்னர், நூலகத்தில் அவருடைய புத்தகத்தைத்தான் எடுத்து வாசித்தேன். எந்த வருடத்து எந்தக் காரில் எது பழுதாகும் என்று ஒருவர் இலவசமாகச் சொல்லித்தந்திருக்க, நான் 2,600 டொலர் கொடுத்து அதைக் கற்றிருக்கிறேன்.

சட்டமும் படிப்படியாக வந்தது. 1981 முதல் வட அமெரிக்காவில் ஒவ்வொரு காருக்கும் 17 எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாள இலக்கம் கட்டாயமானது. முதல் குறி 1 என்றால் அமெரிக்காவிலும், 2 என்றால் கனடாவிலும், 'ஜே' என்ற ஆங்கில எழுத்து என்றால் ஜப்பானிலும் கட்டப்பட்டது. பத்தாவது குறி மொடல் வருடம்.

ஒன்ராறியோவில் 1993 முதல், தனியார் ஒருவர் கார் விற்றால் பாவித்த வாகனத் தகவல் கட்டைக் கொடுக்கவேண்டும். நான் வாசிக்காமல் விட்டது அதைத்தான். இந்த மாகாணத்தில் யார் யார் பெயரில் இருந்தது, அதன்மேல் கடன் உண்டா என்று அது சொல்லும். 2003 முதல் விபத்தில் மோசமாகச் சேதமான காருக்கு முத்திரை குத்தவேண்டும் என்று வந்தது. 'மீளக் கட்டியது' என்ற முத்திரை இருந்தால் விலை அதற்கேற்ப விழவேண்டும். 2010 முதல், பதிவுசெய்த டீலர்கள் விளம்பர விலைக்குள் வரியும் அனுமதிப்பத்திரக் கட்டணமும் தவிர்ந்த எல்லாக் கட்டணங்களையும் அடக்கவும், 3,000 டொலருக்கு மேற்பட்ட விபத்துத் திருத்தச் செலவை எழுத்தில் சொல்லவும் கடமைப்பட்டார்கள். அவர்களிடம் வாங்கி ஏமாந்தால் ஒரு நட்டஈட்டு நிதியும் உண்டு. வீட்டு முற்றத்தில் வைத்து விற்கும் அனுமதியில்லாத வியாபாரியிடம் வாங்கினால் அதில் ஒன்றும் இல்லை.

ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம். 'சேஃப்ரி' இருக்கிறது என்று விற்பவர் சொன்னால், கார் சோதித்த அன்று குறைந்தபட்சப் பாதுகாப்புத் தரத்தில் இருந்தது என்பதுதான் அதன் பொருள். இயந்திரமும் ட்ரான்ஸ்மிஷனும் நாளைக்கும் ஓடும் என்ற உத்தரவாதம் அல்ல. என் காருக்கும் அந்தக் குடும்பத்தின் காருக்கும் அந்தப் பத்திரம் இருந்தது.

இன்றைக்கு என்ன செய்வது

ஏமாற்றும் காலத்தோடு வளர்கிறது. இப்போதைய இலக்கமுறை மீற்றரைக் கணினிக் கருவியால் சில நிமிடத்தில் குறைக்கலாம். கொரோனாக் காலத்தில் கணினிச் சில்லுத் தட்டுப்பாட்டால் புதிய கார்கள் குறைந்து, பாவித்த கார் விலை ஏறியது. அதன்பின் ஒன்ராறியோவில் கார்த் திருட்டுப் பெருகியது. திருடிய காருக்குப் போலி அடையாள இலக்கம் ஒட்டி விற்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய பின் பொலிஸார் காரை எடுத்துச் சென்றால், காரும் இல்லை, காசும் இல்லை.

ஆகவே என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் ஒழுங்கு இது. முதலில் காகிதம். தகவல் கட்டையும், முன்னர் 'கார்ப்ரூவ்' என்ற பெயரில் இருந்து 2018இல் பெயர் மாறிய 'கார்பக்ஸ் கனடா' அறிக்கையையும் வாங்கி இருந்து வாசியுங்கள். அதிலுள்ள அடையாள இலக்கம், முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள இலக்கத்துடனும், கதவுத் தூணில் ஒட்டிய இலக்கத்துடனும் பொருந்துகிறதா என்று பாருங்கள். விற்பவரின் சாரதி அனுமதிப்பத்திரத்தில் உள்ள பெயர் உரிமைப்பத்திரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அவர் யாருடைய மருமகனாக இருந்தாலும் வந்துவிடுங்கள்.

இரண்டாவது, பராமரிப்புக் கணக்கு. ஒயில் மாற்றிய துண்டுகளை ஒழுங்காக வைத்திருப்பவரின் 180,000 கிலோமீற்றர் கார், ஒரு துண்டும் இல்லாத 90,000 கிலோமீற்றர் காரைவிட மேல். பதிவேடு இல்லாத கம்பனியின் இலாபத்தை நான் நம்புவதில்லை. அதுபோலத்தான் இதுவும்.

மூன்றாவது, உங்கள் சொந்த மெக்கானிக். விற்பவரின் மெக்கானிக் அல்ல. கட்டணம் கொடுத்து, காரை உயர்த்தி, அடிப்பக்கத்தில் உப்புத் துரு, பிறேக் குழாய், ஒயில் கசிவு எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். குளிர்ந்த இயந்திரத்தை உங்கள் முன்னால் தொடங்கச் சொல்லுங்கள். நீங்கள் போகமுன் சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். சோதிக்க விடமாட்டேன் என்பவரிடம் வாங்கவே வேண்டாம்.

நான்காவது, முழுக் கணக்கு. காரின் விலை ஒரு பகுதிதான். காப்புறுதி, எரிபொருள், ரயர், திருத்தம் எல்லாம் கூட்டுங்கள். ஒரே காருக்கு ஸ்காபரோவிலும் வேறு நகரத்திலும் காப்புறுதிக் கட்டணம் வேறு. வாங்கமுன் கேளுங்கள். தனியாரிடம் வாங்கினால், நீங்கள் கொடுத்த விலை, விலைப்புத்தகத்தின் மொத்தவிலை இரண்டில் கூடியதற்கே பொதுவாக 13 வீத வரி வரும். அதனால் குறைத்து எழுதி மிச்சம் பிடிக்கலாம் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். அந்தத் துண்டு நாளைக்கு உங்களுக்கு எதிரான சாட்சி.

கடைசியாக, எந்தக் கார்? புதிதாக வடிவமைத்து வந்த முதல் வருடத்து மொடலைத் தவிருங்கள். இரண்டு மூன்று வருடம் விற்று, குறைகள் களையப்பட்ட, வீதியில் அதிகம் ஓடும், உதிரிப்பாகம் எங்கும் கிடைக்கும் சாதாரணக் காரை எடுங்கள். கொறோலாவோ சிவிக்கோ விலை அதிகமாக நின்றால், அதே காசில் பெயர் குறைந்த ஆனால் பதிவேடு நல்ல ஒரு காரைப் பார்ப்பதில் வெட்கம் இல்லை.

இதெல்லாம் நம்பிக்கையில்லாத்தனம் என்று சிலர் என்னிடம் குறைப்பட்டதுண்டு. "எங்கட ஆக்களுக்குள்ளையே பேப்பர் கேக்கிறதோ?" என்றார் ஒரு பெரியவர். கேட்கத்தான் வேண்டும் ஐயா. நேர்மையான ஆளுக்குக் காகிதம் காட்டுவதில் நட்டம் இல்லை. அக்கர்லொவின் கணக்குப்படி பார்த்தால், காகிதம் கேட்காத சந்தையில் முதலில் தோற்பவர் நல்ல கார் வைத்திருக்கும் அந்த நேர்மையான ஆள்தான். எங்களுக்குள்ளும் நேர்மையாகத் தொழில் செய்யும் டீலர்களும் மெக்கானிக்குகளும் பலர் இருக்கிறார்கள். காகிதம் கேட்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

அந்தக் குடும்பம் பின்னர் வாங்கிய காருக்கு நானும் கூடப்போனேன். இந்தமுறை விற்பவரின் ஊரை நாங்கள் இருவரும் கேட்கவில்லை. தகவல் கட்டை முதலில் அவர் வாசித்தார். பிறகு என்னிடம் தந்து, "நீயும் வாசி" என்றார். நிறைமாதமாக இருந்த அந்தத் தாயின் மகளுக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. சென்ற வருடம் தனக்கு ஒரு பாவித்த கார் எடுக்கமுன் என்னை அழைத்தாள். நான் கேட்கும் முன்பே, "அங்கிள், அறிக்கை எடுத்திட்டன், மெக்கானிக்கிட்டையும் காட்டிட்டன், இன்சூரன்ஸ் மட்டும் ஒருக்காக் கணக்குப் பாத்துச் சொல்லுங்கோ" என்றாள்.

கணக்குப் பார்த்துச் சொன்னேன்.